கை உதறலும் மீயொலியும்

(முள்ளிப்பட்டில் நெசவாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கூடியிருந்த கூட்டத்தில் ஒரு நரம்பியல் மருத்துவர் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



கை உதறலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காதுக்குக் கேட்காத ஒலியை மண்டைக்கு வெளியே இருந்து செலுத்தி, மூளைக்குள் கையை ஆட்டிவைக்கும் பாதையையே மாற்றுகிற மருத்துவம் ஒன்று இப்போது தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. அது என்ன, யாருக்கு உதவும், அதைப் பற்றி எங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிய வேண்டும். கை நடுங்கினால் கணக்கு எழுதுகிறவர் கொஞ்சம் கோணலாக எழுதிச் சமாளிப்பார். பட்டு நெய்கிறவருக்கு அந்த வழி இல்லை. ஆயிரக்கணக்கான இழை ஓடும் பாவில் ஒன்று அறுந்தால், அதைத் தேடிப் பிடித்து முடி போட்டாக வேண்டும். பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்துப் பிணைக்கும் வேலையில் விரல் நுனி தலைமுடி அளவு தவறினாலும் ஆகாது. அதனால் இங்கே கை உதறல் வந்தவர் அதை மறைக்கிறார். முதலில் பிணைப்பு வேலையை மனைவியிடம் விடுகிறார், பிறகு ஜரிகையை மகனிடம் விடுகிறார், கடைசியில் தறியையே விட்டுவிடுகிறார். கேட்டால் வயசாகிவிட்டது என்பார். வயது அதற்குப் போதிய காரணம் ஆகாது.

கை உதறலில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்றில், சும்மா மடியில் வைத்திருக்கும்போது கை அமைதியாக இருக்கும். டம்ளரை எடுத்தால், ஊசியில் நூல் கோக்கப் போனால், கையெழுத்துப் போட்டால் உதறும். ஒரு விநாடிக்கு நான்கிலிருந்து பன்னிரண்டு முறை ஆடும். பல குடும்பங்களில் அப்பாவுக்கும் இருந்திருக்கும், அத்தைக்கும் இருந்திருக்கும். உடல் அசைவுக் கோளாறுகளில் உலகெங்கும் மிகப் பரவலானது இதுதான். பெரிய நோய் எதற்கும் அறிகுறியாக இல்லாமல் தானாகவே வருவதால் இதை முதன்மை நடுக்கம் என்கிறோம். இன்னொரு வகை நேர்மாறானது. வேலை செய்யும்போது குறைந்து, கை சும்மா இருக்கும்போது மாத்திரை உருட்டுவது போல விரல்கள் ஆடும். கூடவே நடை மெதுவாகும், கை கால் இறுகும், எழுத்து சிறுத்துக்கொண்டே போகும், சிலருக்குப் பல வருடம் முன்பே வாசனை தெரியாமல் போயிருக்கும். இது பார்க்கின்சன் நோய், நடுக்குவாதம் என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றின் மாத்திரையை மற்றொன்றுக்குச் சாப்பிட்டு ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் கை நடுங்கும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சல்பியூட்டமால், வலிப்புக்கான வால்ப்ரோயேட் போன்ற மருந்துகளாலும் நடுங்கும். இதையெல்லாம் பார்க்காமல் யாரும் மூளையைத் தொடக் கூடாது. முதன்மை நடுக்கத்துக்கு முதலில் கொடுப்பது ப்ரொப்ரனலால், ப்ரிமிடோன் என்ற மாத்திரைகள். ப்ரொப்ரனலால் விலை குறைவு, பழைய மருந்து, பலருக்கும் போதும். ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது, இதயத்துடிப்பு ஏற்கெனவே மெதுவாக இருப்பவருக்கும் ஆகாது. நீங்களாக மெடிக்கல் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள். கொஞ்சம் குடித்தால் கை நிற்கிறது என்று சிலர் சொல்கிறார்களே, அது உண்மைதான். முதன்மை நடுக்கத்தைச் சாராயம் சில மணி நேரம் அடக்கும். போதை இறங்கியதும் முன்பைவிட அதிகமாக உதறும், அதை அடக்க இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். தறியில் உட்காருவதற்காகவே காலையில் குடிக்கத் தொடங்கியவரைக் குடிகாரர் என்று ஊர் ஒதுக்கிவிடுகிறது. அவருக்கு இருந்தது நோய். அவரை யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போகவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

சரி, கை ஏன் நடுங்குகிறது? கையில் கோளாறு ஒன்றும் இல்லை. பின்னந்தலையில் இருக்கும் சிறுமூளை, மூளையின் நடு ஆழத்தில் இருக்கும் தலாமஸ், மேற்பரப்பில் கையசைவுக்கான பகுதி, இவை மூன்றும் ஒன்றையொன்று தொடர்ந்து திருத்திக்கொண்டே இருக்கின்றன. சிறுமூளையிலிருந்து கிளம்பும் செய்தி தலாமஸ் வழியாக மேற்பரப்புக்குப் போகும், அங்கிருந்து மூளைத்தண்டு வழியாக மறுபடி சிறுமூளைக்கு வரும். நாடாக் கயிற்றை எவ்வளவு வேகத்தில் இழுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை இந்தச் சுற்றுதான் விநாடிக்கு விநாடி சரிபார்க்கிறது. இந்தச் சுற்றில் ஒரு தாளம் தானாகக் கிளம்பி, சுற்றிச் சுற்றி வலுத்துவிட்டால் அதே தாளத்தில் கை ஆடும். நோய் ஒரு புள்ளியில் உட்கார்ந்திருக்கவில்லை, பாதை முழுவதிலும் ஓடுகிறது. இன்று நான் சொல்லும் எல்லாமே இதைப் புரிந்துகொள்வதில்தான் இருக்கிறது.

இதற்கான முதல் தடயம் இருநூறு வருடம் பழையது. 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர் விவரிக்கும் ஆறாவது நோயாளிக்கு ஒரு பக்கம் வாதம் வந்து கை கால் விழுந்துவிட்டது. விழுந்த பக்கத்தில் நடுக்கமும் நின்றுபோனது. சுமார் இரண்டு வாரத்தில் வாதம் தெளிந்து கை எழுந்ததும் நடுக்கமும் திரும்பி வந்தது. மூளைக்குள் எங்கோ பாதை அடைபட்டால் நடுக்கம் நிற்கிறது என்பதை அந்த மனிதரின் உடல் காட்டிக்கொடுத்தது.

அந்த இடம் எது என்று தேடிய வரலாற்றில் நம் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. உங்களுக்கு மிக அருகில், வேலூர் சிஎம்சியில் 1949இல் ஜேக்கப் சாண்டி தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை. அடுத்த வருடம் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி தொடங்கினார். அவரோடு வி. பாலசுப்பிரமணியமும் டி. எஸ். கனகாவும் சேர்ந்தார்கள். ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர்களில் ஒருவர் கனகா. மண்டையில் சிறு துளை போட்டு, தலையைச் சுற்றிய உலோகச் சட்டத்தின் அளவுகளைக் கொண்டு ஆழத்தில் உள்ள ஒரு புள்ளியைக் குறிவைத்து, மெல்லிய கம்பியை இறக்கிச் சிறிதளவு திசுவை அழிக்கும் முறையில் இவர்கள் கைதேர்ந்தவர்கள். ஸ்கேன் இல்லாத காலம் அது. எக்ஸ்ரே படத்தையும் வரைபடப் புத்தகத்தையும் நம்பி அவர்கள் பார்க்கின்சன் நோயாளிகளுக்குச் செய்ததை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

1987இல் பிரான்ஸின் கிரனோபிள் நகரில் அலீம் லூயி பெனபிட் இதை இன்னொரு பக்கம் திருப்பினார். திசுவை அழிப்பதற்கு முன் இடத்தைச் சோதிக்க மின்சாரம் விடுவது வழக்கம். தலாமஸில் வேகமான மின்துடிப்பு விட்டால், அழிக்காமலேயே நடுக்கம் நிற்பதை அவர் கண்டார். கம்பியை உள்ளேயே வைத்து, மார்புத் தோலுக்கு அடியில் பேட்டரி பொருத்தும் முறை அதிலிருந்து வந்தது. இன்றும் அது சிறந்த சிகிச்சை, குறிப்பாகப் பார்க்கின்சனுக்கு. ஆனால் மண்டையைத் துளைக்க வேண்டும், பேட்டரியைக் கவனிக்க வேண்டும், அடிக்கடி மருத்துவமனைக்குப் போய் அளவைச் சரிசெய்ய வேண்டும்.

இப்போது ஒலிக்கு வருகிறேன். நம் காது விநாடிக்கு இருபதாயிரம் அதிர்வு வரைதான் கேட்கும். அதற்கு மேலே போனால் மீயொலி. 1880இல் பியேர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டுபிடித்தார்கள். மின்சாரம் கொடுத்தால் அதே படிகம் அதிரும். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டறிய, பியேரின் மாணவர் பால் லாஞ்சவின் அந்த அதிர்வைத் தண்ணீருக்குள் அனுப்பினார். ஒலிக்கற்றையின் குறுக்கே வந்த மீன்கள் செத்து மிதந்தன; தண்ணீருக்குள் கையை விட்டால் வலித்தது. ஒலிக்குத் திசுவைத் தாக்கும் வலு உண்டு என்று அப்போதே தெரிந்துவிட்டது. சிறுவர்கள் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். வழியில் எங்கும் சுடாது, குவியும் புள்ளியில் மட்டும் சுடும். மீயொலியையும் அப்படிக் குவிக்கலாம். 1950களில் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஃப்ரை, ஃபிரான்சிஸ் ஃப்ரை என்ற சகோதரர்கள் அதற்கான கருவியைச் செய்து, அயோவாவில் ரசல் மேயர்ஸ் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து நடுக்குவாதக்காரர்களுக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். ஆனால் மண்டை எலும்பை வெட்டி எடுத்துவிட்டுத்தான் கொடுக்க முடிந்தது.

எலும்புதான் தடை. மண்டையோடு ஒலியை உறிஞ்சிச் சூடாகிவிடும். அதோடு அது எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இல்லை. ஓர் இடத்தில் நுழைந்த அலை முந்திப் போகும், இன்னோர் இடத்தில் நுழைந்தது பிந்திப் போகும். குவிய வேண்டிய புள்ளியில் குவியாது. இந்தத் தடையை உடைக்க நாற்பது வருடம் பிடித்தது. பாஸ்டனில் குல்லெர்வோ ஹைனினன், ஃபெரென்ஸ் யோலஸ் ஆகியோரின் உழைப்பு இதில் பெரிது. ஒரே பெரிய ஒலிமூலத்துக்குப் பதிலாகத் தலைக்கவசம் நிறையச் சிறு ஒலிமூலங்களைப் பதித்தார்கள். இன்று பயன்படும் கருவியில் அவை 1024. நோயாளியின் மண்டையைச் சிடி ஸ்கேன் எடுத்து, ஒவ்வோர் ஒலிமூலத்துக்கும் எதிரே எலும்பு எவ்வளவு தடிமன் என்று கணினி கணக்கிடும். பிந்திப் போகும் அலையைச் சற்று முன்னதாகவும், முந்திப் போகும் அலையைச் சற்றுத் தாமதமாகவும் கிளப்பிவிட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே புள்ளியில் போய்ச் சேரும். எலும்பு சூடாகாமல் இருக்கத் தலைக்கும் கவசத்துக்கும் நடுவே குளிர்ந்த தண்ணீர் ஓடும். உள்ளே எவ்வளவு சூடு ஏறுகிறது என்பதை எம்ஆர்ஐ இயந்திரம் சில விநாடிகளுக்கு ஒருமுறை படமாகக் காட்டும். ஹைனினன், யோலஸ் இருவரையும் பற்றி உலகம் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அது வருத்தம்.

(இந்த இடத்தில் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா, "அப்போ வயித்துப் புள்ளைக்கு எடுக்கிற ஸ்கேனும் இந்தச் சத்தந்தானே டாக்டர்? அதுல புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்டார்.)

நல்ல கேள்வி அம்மா. அதுவும் மீயொலிதான். ஆனால் அங்கே ஒலியின் வலு மிகவும் குறைவு. மெல்லிய அலையை அனுப்பி எதிரொலியை வாங்கிப் படம் வரைகிறார்கள். ஒரே புள்ளியில் சூடேற்றும்படி ஆயிரம் அலைகளை அங்கே குவிப்பதில்லை. மருத்துவர் சொல்லும் ஸ்கேனைத் தயங்காமல் எடுங்கள். கர்ப்பிணிகள் யாரும் இந்தக் கூட்டத்திலிருந்து பயந்துகொண்டு போகக் கூடாது.

சிகிச்சை நாளில் நடப்பதைச் சொல்கிறேன். தலையை முழுக்க மழிக்க வேண்டும், ஒரு முடிகூட இருக்கக் கூடாது. முடியில் சிக்கும் காற்றுக்குமிழி ஒலியைத் தடுக்கும். தலை அசையாமல் இருக்க, மரத்துப்போகும் ஊசி போட்டு, உலோகச் சட்டத்தை நான்கு திருகுகளால் பொருத்துவார்கள். மயக்க மருந்து கிடையாது. நோயாளி விழித்தபடி எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் படுத்திருப்பார். முதலில் மிகக் குறைந்த வலுவில் ஒலியை விடுவார்கள். திசு லேசாகச் சூடாகும், அழியாது. உடனே ஒரு அட்டையில் நத்தைக்கூடு மாதிரிச் சுருள் கோடு வரையச் சொல்வார்கள், பெயர் எழுதச் சொல்வார்கள். நடுக்கம் குறைந்திருந்தால் இடம் சரி. உதடு மரத்தாலோ, பேச்சு குழறினாலோ இடம் தவறு. குறியை ஓரிரு மில்லிமீட்டர் நகர்த்துவார்கள். அந்த மாற்றம் தற்காலிகம், சற்று நேரத்தில் பழையபடி ஆகிவிடும். இடம் உறுதியான பிறகே வலுவை ஏற்றி, 55 டிகிரிக்கு மேல் சூடாக்கி, தலாமஸில் நடுக்கம் கடந்துபோகும் அந்தச் சிறு இடத்தை நிரந்தரமாக அழிப்பார்கள். அழிவது ஒரு பட்டாணிக்கும் குறைவு. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், சிறுமூளையிலிருந்து மேற்பரப்பு வரை அந்தச் சுற்று முழுவதிலுமே இணைப்பு மாறியிருக்கிறது. சுட்டது ஓர் இடத்தில், மாறியது பாதை முழுவதும்.

பலன் எவ்வளவு? 2016இல் அமெரிக்காவின் ஜெஃப் எலியாஸ் தலைமையில் வெளிவந்த ஆய்வில் முதன்மை நடுக்கம் உள்ள 76 பேர் சேர்ந்தார்கள். 56 பேருக்கு உண்மையான சிகிச்சை, 20 பேருக்கு எல்லா ஏற்பாடும் செய்து ஒலியை மட்டும் விடாத போலிச் சிகிச்சை. மூன்று மாதத்தில் முதல் குழுவுக்குக் கை நடுக்கம் சராசரியாக 47 சதவீதம் குறைந்தது; இரண்டாவது குழுவுக்கு மாற்றமே இல்லை. ஒரு வருடத்தில் பலன் 40 சதவீதமாகச் சற்று இறங்கியது. பாதியளவு குறைந்தது என்றால் சிறிதாகத் தோன்றலாம், ஆனால் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்தவர் ஒரு கையால் காபி குடிக்கிறார் என்று அதற்குப் பொருள். பக்க விளைவும் உண்டு. மூன்றில் ஒருவருக்கு மேல் நடை தள்ளாடியது, அதே அளவில் விரலோ உதடோ மரத்தது. பெரும்பாலோருக்குச் சரியாகிவிட்டது, ஆனால் ஒரு வருடத்துக்குப் பிறகும் 9 சதவீதம் பேருக்கு நடைத் தடுமாற்றமும் 14 சதவீதம் பேருக்கு மரத்தலும் மீதி இருந்தன. தறியில் உட்காருகிறவருக்கு விரல் மரப்பது சின்ன விஷயமா? பட்டு இழையைக் கண்ணைவிட விரல் அதிகம் அறிகிறது. விளம்பரத் தாளில் இந்த எண்கள் இருக்காது, அதனால் நான் சொல்கிறேன். அந்த ஆய்வு வந்த 2016ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அரசு இந்தச் சிகிச்சையை ஏற்றது. நம் மாநிலத்தில் கோயம்புத்தூர் ராயல் கேர் மருத்துவமனையில் இந்தக் கருவி இருக்கிறது. இன்னொன்று, எல்லோருடைய மண்டை எலும்பும் ஒலியை உள்ளே விடாது. எலும்பின் வெளி அடுக்குக்கும் உள்ளே பஞ்சு போன்ற அடுக்குக்கும் உள்ள அடர்த்தி விகிதத்தைச் சிடி ஸ்கேனில் பார்த்துத்தான் ஒருவர் தகுதியா என்று சொல்ல முடியும். கோவைக்குப் பஸ் ஏறும் முன் இது தெரிந்திருப்பது நல்லது.

இதுவரை சொன்னது சுட்டு அழிக்கும் மருத்துவம். சுடாமலேயே, ஒலியின் மெல்லிய தட்டலால் மூளையின் இணைப்பை மாற்ற முடியுமா? ஆராய்ச்சிக்கூடங்களில் இப்போது கேட்கப்படும் கேள்வி இதுதான், என் மனம் அதிகம் ஈடுபடுவதும் இதில்தான்.

இணைப்பை எப்படி அளக்கிறார்கள் என்பதை முதலில் பார்ப்போம். 1995இல் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் பரத் பிஸ்வால் என்ற இந்திய வம்சாவளி ஆய்வாளர், எம்ஆர்ஐக்குள் சும்மா படுத்திருப்பவர்களின் மூளையைப் பதிவு செய்தார். விரலைக்கூட அசைக்கவில்லை. ஆனாலும் இடது கையை இயக்கும் பகுதியும் வலது கையை இயக்கும் பகுதியும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. கைகள் ஓய்ந்திருக்கும்போதும் அவற்றின் மூளைப் பகுதிகள் ஒத்திசைந்துகொண்டே இருந்தன. எந்தெந்தப் பகுதிகள் ஒத்திசைகின்றன என்று பார்த்து மூளையின் கூட்டணிகளை வரைபடமாக்கும் துறையே அதிலிருந்து வளர்ந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. இரண்டு பகுதிகள் ஒன்றாக ஏறி இறங்குகின்றன என்பதால் அவற்றுக்கு நடுவே நேரடி நரம்பு இருக்கிறது என்று ஆகிவிடாது. மூன்றாவது ஒன்று இரண்டையும் ஆட்டலாம்.

ஆக்ஸ்ஃபோர்டில் மாத்யூ ரஷ்வொர்த் குழுவினர் 2019இல் குரங்குகளில் செய்த சோதனைகள் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன. வெறும் 40 விநாடி, திசுவைச் சுடாத மெல்லிய மீயொலி. அதன் பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் வரை, ஒலி பட்ட பகுதி மூளையின் மற்றப் பகுதிகளோடு ஒத்திசையும் விதம் மாறியிருந்தது. மண்டையைத் துளைக்காமல் எட்டுவது கடினம் என்று கருதப்பட்ட, பயத்தையும் உணர்ச்சியையும் கையாளும் அமிக்டலாவையும் தொட முடிந்தது. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் எல்சா ஃபூரன்யான் குழு 2023இல் மனிதர்களிடம் இதைக் காட்டியது; மூளையின் நடுவில் உள்ள சிங்குலேட் பகுதிகள் இரண்டின் ஒத்திசைவு கூடியது, ஒன்றில் நரம்பை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளும் குறைந்தது. 2025இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜும் ஆக்ஸ்ஃபோர்டும் சேர்ந்து 256 ஒலிமூலங்கள் கொண்ட தலைக்கவசத்தைச் செய்து, கண்ணிலிருந்து வரும் செய்தி தலாமஸில் தங்கிப் போகும் அரிசி அளவு இடத்தைக் குறிவைத்தன. பார்வைப் பகுதியின் செயல்பாடு குறைந்து, குறைந்தது 40 நிமிடம் அப்படியே இருந்தது. சோதனைக்கு வந்தவர்கள் 7 பேர்.

ஒலி நரம்பணுவை எப்படித் தூண்டுகிறது? நரம்பணுவின் மேற்பரப்பில், அழுத்தத்தை உணர்ந்து திறக்கும் மிகச் சிறிய வாயில்கள் உண்டு. ஒலியின் தட்டலில் அவை திறந்து கால்சியம் உள்ளே போகிறது என்பது இப்போது வலுவான விளக்கம்.

இந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கச் சொல்வேன். 2018இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரு தலைவலியைக் கொண்டுவந்தன. எலியிலும் கினிப்பன்றியிலும் மீயொலி விட்டால் மூளை விழிக்கிறது, சரி. ஆனால் கேட்கும் திறனை நீக்கிவிட்டுச் செய்தால் அந்த விழிப்பில் பெரும்பங்கு காணாமல் போனது. ஒலியைத் துண்டு துண்டாக விடும்போது உண்டாகும் சத்தத்தை விலங்கு கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். அதன் பிறகு மனிதர்களிடம் செய்கிறவர்கள் காதில் வேறு ஒலியைப் போட்டு மறைத்துச் சோதிக்கிறார்கள். 2016இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மார்ட்டின் மொன்டி குழு, கோமாவிலிருந்து தேறிக்கொண்டிருந்த 25 வயது இளைஞரின் தலாமஸுக்கு மீயொலி கொடுத்ததும், சில நாளில் அவர் பேச்சைப் புரிந்துகொள்ளத் தொடங்கியதும் பெரிய செய்தி ஆயிற்று. மொன்டியே சொன்னார், அவர் தானாகத் தேறிக்கொண்டிருந்திருக்கலாம் என்று. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆகவே இன்றைய நிலையில், சுடாத மீயொலி ஆராய்ச்சியில் இருக்கிறது, சிகிச்சையாக வரவில்லை. ஞாபகசக்தி கூடும், பிள்ளை நீட் தேர்வில் மார்க் வாங்குவான், மனச்சோர்வு ஒரு வாரத்தில் போகும் என்று சொல்லி யாராவது ஒரு கருவியைத் தலையில் வைக்க வந்தால், கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

சென்னை வரலாற்றுக்குத் திரும்ப வேண்டும், பாதியில் விட்டிருக்கிறேன். நான் மேலே போற்றிய அதே குழு, நடுக்கத்தோடு நிற்கவில்லை. கட்டுக்கடங்காத மூர்க்கம் உள்ளவர்களுக்கு, அவர்களில் குழந்தைகள் பலர், அமிக்டலாவையும் ஹைப்போதலாமஸையும் அதே முறையில் அழித்தார்கள். 1988இல் இராமமூர்த்தி வெளியிட்ட கட்டுரையில் 603 அறுவைகளின் கணக்கு இருக்கிறது. அவற்றில் 481 அமிக்டலா. உலகில் மிகப் பெரிய எண்ணிக்கைகளில் ஒன்று இது. அவர்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சங்கிலியில் கட்டிவைக்கப்பட்ட பிள்ளைகளை வைத்துக்கொண்டு, நல்ல மருந்து இல்லாத காலத்தில், கதறி வந்த தாய் தகப்பனுக்கு ஏதாவது செய்யத் துடித்தவர்கள் அவர்கள். ஆனால் சம்மதம் கொடுத்தது தாய் தகப்பன். மூளை மாற்றப்பட்டது பிள்ளைக்கு. அமைதியானது குணமா, மழுங்கலா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டு எழுதியவர் யாரும் இல்லை என்பது என்னைத் தொந்தரவு செய்கிறது.

இன்று சட்டம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 96ஆம் பிரிவுப்படி, மனநோய்க்கு மூளை அறுவை செய்ய, நோயாளியே விவரம் புரிந்து சம்மதிக்க வேண்டும். மனநல மறுஆய்வு வாரியமும் ஒப்புதல் தர வேண்டும். கத்தி இல்லாத, ரத்தம் வராத மீயொலி வரும்போது இது அறுவையே அல்ல என்று சொல்லி நழுவ ஆசை வரும். சியோலில் சாங் ஜின் வூ குழு ஏற்கெனவே எண்ணச் சுழற்சி நோய் உள்ள நால்வருக்கு மீயொலியால் மூளைப் பாதையைச் சுட்டு 2015இல் முடிவுகளை வெளியிட்டிருக்கிறது. அவர்கள் முறையாகச் செய்தார்கள், நோயாளிகள் பெரியவர்கள், சம்மதித்தவர்கள். நான் சொல்ல வருவது, தோலைக் கிழிக்காததால் சட்டம் தளரக் கூடாது. ஒருவருடைய பயத்தையும் கோபத்தையும் ஆசையையும் மாற்றக்கூடிய கருவிக்குக் கத்தியைவிடக் கடுமையான காவல் வேண்டும்.

(கேள்வி நேரத்தில் ஒருவர், "செலவு எவ்ளோ ஆவும்? ரெண்டு கையும் செய்வாங்களா?" என்று கேட்டார்.)

செலவு லட்சக்கணக்கில் ஆகும் அண்ணே. அதனால்தான் முதலில் மாத்திரை, முதலில் வேலூருக்கோ சென்னை அரசு மருத்துவமனைக்கோ போய் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பது என்று இவ்வளவு நேரம் சொன்னேன். மாத்திரையில் அடங்கினால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: முதலில் ஒரு கைக்குத்தான். தலாமஸின் இரண்டு பக்கமும் ஒரே நாளில் சுட்டால் பேச்சும் விழுங்குவதும் நடையும் கெடக் கூடும். அமெரிக்காவில் 2022இல் இரண்டாவது பக்கத்துக்கும் அனுமதி கொடுத்தார்கள், ஆனால் குறைந்தது ஒன்பது மாதம் இடைவெளி விட வேண்டும். எந்தக் கை முதலில் என்று கேட்டால் பெரும்பாலான மருத்துவர்கள் எழுதும் கை என்று எடுத்துக்கொள்வார்கள். தறிக்காரருக்கு அது சரிப்படாமல் போகலாம். உங்களில் ஒருவர் ஒரு கையால் நாடாக் கயிறு இழுக்கிறார், மறு கையால் பலகை அடிக்கிறார், அறுந்த இழையைப் பிடிக்க எந்தக் கை முன்னால் போகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. அது மருத்துவருக்குத் தெரியாது, ஸ்கேனிலும் தெரியாது. கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள்.